மூன்று பேருக்கு இடம்

"பை வேண்டாம். ஆளுங்க மட்டும் ஏறுங்க" என்றார் டிராக்டர்க்காரர்.

டேரிலுக்குச் சுருக்கென்றது. கார் டிக்கியில் கிடந்தது இரண்டு வயது மகள் பிப்பாவின் துணிப்பை. அவள் உடம்பில் இருந்ததோ நனைந்து விறைத்த கவுன். ஒரு துணிப்பைக்கு இடமில்லையாம்.

முந்தின நாள் வடக்கே நெல்சன் நகரிலிருந்து கிளம்பியவர்கள். தெற்குக் கோடியில் இன்வர்கார்கிலில் மாமனாருக்கு அறுபதாவது பிறந்தநாள். லிண்டிஸ் கணவாய்க்கு முன்னால், பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டச் சொல்லிப் பலகை வைத்திருந்தார்கள். வசந்தம் பிறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, இனி பனியாவது ஒன்றாவது என்று டேரில் அதைத் தாண்டி வந்தான். கொஞ்ச தூரத்தில் கார் வழுக்கி, ஓரப் பள்ளத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டது.

இரண்டு மணி நேரம் ஒரு வண்டிகூட வரவில்லை. தோண்டித் தோண்டிப் பார்த்ததில் மூன்று பேரும் நனைந்ததுதான் மிச்சம். பிறகு பெட்ரோல் தீர்ந்து ஹீட்டரும் நின்றது. பிப்பா அழுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் மனைவி ரியானாவுக்குப் பயமாக இருந்தது. குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்த அந்த நேரத்தில்தான் டிராக்டர் வந்தது. ஓட்டி வந்த கிழவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பனி மூடிய கண்ணாடிக்கு அப்பால் எங்கோ போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

டேரில் வாதாடிப் பார்த்தான். கிழவர் காதில் வாங்கவே இல்லை. குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கி கேபினுக்குள் வைத்தார். ரியானா அவளை மடியில் போட்டுக்கொள்ள, டேரில் குனிந்தபடி கதவோரம் ஒடுங்கி நின்றான். உள்ளே ஒரே கவிச்சி. தரையெல்லாம் மஞ்சளாக என்னவோ பிசுபிசுத்தது. ஆள் ஏறும் இடத்தை இப்படியா வைத்திருப்பார்கள்?

வழி நெடுக கிழவர் வாயைத் திறக்கவில்லை. பெயரே ஃபெர்கஸ் என்பது பண்ணை வாசலில் அவர் மனைவி நோலீன் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

அவள் கேபினுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவரும் இவர்களை இறக்கிவிட்ட கையோடு வண்டியைத் திருப்பினார்.

வந்த வழியே போகிறார் என்று தெரிந்ததும், அந்தப் பையை எடுத்துவரும்படி டேரில் கத்திச் சொன்னான். தலையைக்கூட ஆட்டவில்லை மனுஷன்.

நோலீன் பிப்பாவின் ஈரத் துணியை உருவி, சொரசொரப்பான துண்டால் தேய்த்து, தன் கம்பளிச் சட்டைக்குள் அவளை முழுசாகப் பொதிந்து, நிலக்கரி அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள். சூடாக சூப் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் உதடு சிவந்தது. பிப்பா மறுபடி அழ ஆரம்பித்தாள். ரியானாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டேரிலுக்கு மட்டும் ஆறவில்லை.

"வாங்கன்னு ஒரு வார்த்தை உண்டா? நெல்சன்ல நாயைக்கூட இப்படி இறக்கி விடமாட்டாங்க."

"மெதுவாப் பேசேன். அவங்க காதுல விழுது."

"விழட்டும். சின்னப் பொண்ணு துணி, அது இவருக்குப் பாரமா?"

ஒரு மணி நேரம் கழித்து டிராக்டர் சத்தம் கேட்டது. டேரில் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறந்தான்.

ஃபெர்கஸின் கோட்டுக்குள்ளிருந்து இரண்டு ஆட்டுக்குட்டிகள் தலையை நீட்டின. கையிடுக்கில் இன்னொன்று, தோளில் மற்றொன்று, ஆக நாலு. பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. தலை நிற்கவில்லை. டேரில் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பையைக் காணோம்.

"இவ்வளவுதானா?" என்றாள் நோலீன்.

"இவ்வளவுதான்."

குட்டிகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் பூட்ஸைக் கழற்ற வாசல்படியில் உட்கார்ந்தவர், கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நோலீன் அடுப்பின் இளஞ்சூடான கீழ்த்தட்டைத் திறந்து, இரண்டு குட்டிகளை உள்ளேயே படுக்க வைத்தாள். மற்ற இரண்டுக்கும் இடம் வேண்டியிருந்தது. குழந்தையைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளும்படி ரியானாவிடம் சொன்னாள்.

டேரில் வெடித்துவிட்டான்.

"நகர்த்தவா? ஆட்டுக்குட்டிக்காக என் பொண்ணை நகர்த்தணுமா? நானும் அப்பலேருந்து பாத்துட்டிருக்கேன். குழந்தை துணிக்கு வண்டியில இடம் கிடையாது. எங்களை இங்க தள்ளிட்டு, அதே வண்டியில போய் ஆட்டை மட்டும் ஏத்திட்டு வர்றார். என்ன மனுஷங்க நீங்கள்லாம்? உங்களுக்கு மனுஷ உசுரைவிட ஆடு பெருசாப் போச்சு."

ரியானா தலையைக் குனிந்துகொண்டாள். வாசல்படியிலிருந்து ஃபெர்கஸின் குரல் வந்தது.

"விடு நோலீன். ஒண்ணும் சொல்லாதே."

"சொல்லத்தான் போறேன்." கையிலிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டு அவள் டேரிலைப் பார்த்தாள்.

"இது எங்களுக்குக் குட்டி போடுற மாசம், தம்பி. வருஷத்துக்கு ஒரு தடவை. அதுல வந்து விழுந்துச்சு இந்தப் பனி. மத்தியானம் வயர்லெஸ்ல கூப்பிட்டார். பன்னெண்டு குட்டியைக் காப்பாத்தி ஏத்திட்டேன், கேபின்ல கால் வைக்க இடமில்ல, அடுப்பைத் தயாரா வைன்னார். நானும் வெச்சிட்டுக் காத்திருந்தேன். வழியில உங்க காரைப் பாத்திருக்கார். உள்ள ஒரு குழந்தை."

அவள் ஒரு குட்டியை எடுத்துத் துவட்ட ஆரம்பித்தாள்.

"பன்னெண்டையும் வேலியோரம் பனியில இறக்கி வெச்சிட்டுத்தான் உங்க மூணு பேரையும் ஏத்தினார். இறக்கி வைக்கும்போது பன்னெண்டும் உசுரோடதான் இருந்துச்சு."