சீசரின் மறதி

ஜெசிந்தாவின் கணவர் அருளப்பன் இறந்த பிறகு, அவர் வளர்த்த நாய் சீசர் சோற்றைத் தொடவில்லை. தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடும். வேறு யாரோ என்று தெரிந்ததும் அங்கேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் அவள் அதை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள்.

"அவரோட ஞாபகத்த மட்டும் எடுத்துரலாம்க்கா. இப்போ நெறையப் பேரு செய்றாங்க."

"என்னையும் மறந்துருவானா, டாக்டர்?"

"மாட்டான். அவரு ஒருத்தரை மட்டுந்தான்."

ஜெசிந்தா சம்மதித்தாள். அன்று மாலையே சீசர் மீன்சோற்றைத் தட்டோடு நக்கித் துடைத்தது. ஸ்கூட்டர் போனபோது காதைக்கூட அசைக்கவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பீரோவை ஒழுங்குபடுத்தும்போது, துவைக்க மனமில்லாமல் வைத்திருந்த அருளப்பனின் நீலச் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். சீசர் வந்து முகர்ந்தது. பிடரி மயிர் சிலிர்க்கப் பின்வாங்கி, விடாமல் குரைத்தது.

வீட்டுக்குப் புது ஆள் வரும்போது செய்வதுபோல, ஜெசிந்தா குனிந்து அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"சும்மா இருடா. நம்ம ஆளுதான்."