ஆறாவது இடம்

எதிர்க்கடைத் தையல்காரருக்கு எண்பதாயிரம் பொற்காசு விலை வந்தது. என் மனைவி தரமாட்டேன் என்றுவிட்டாள்.

நானாக இருந்தால் பாதி விலைக்கே தள்ளிவிட்டு, கயிறு போட்டுக் கட்டியும் கொடுத்திருப்பேன். கயிறு நம் கடையிலேயே இருக்கிறது.

அவள் விற்க மறுத்த தையல்காரர் கைபேசி விளையாட்டுக்குள் இருக்கிறார். வாலில் நெருப்பு எரியும் நரி. காட்டிலும் குகையிலும் பிடித்து வளர்க்கும் பிராணிகளுக்கு அவள் தெரிந்தவர்கள் பெயரைத்தான் வைப்பாள். நரிக்கு அந்தப் பெயர் வந்தது இஸ்திரிப் பெட்டியின் சூட்டினாலாம். காரணமெல்லாம் நன்றாகத்தான் சொல்வாள்.

“அவர வித்துட்டு நான் என்ன பண்றது? கோட்டையில மூணாவது ஆளுகிட்ட பனிக்கரடி இருக்கு. நெருப்பு இல்லாம போனா மொத்தப் பேரும் விறைச்சுப்போவாங்க.”

மதிய நேரம். கடையில் ஈ, காக்கை இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிக் கோட்டைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஐந்து எதிரி வீரர்கள் வரிசையாக நிற்பார்கள். கதவு மூடினால் வெளியே வரவும் முடியாது, ஆளை மாற்றவும் முடியாது. கூட்டிப்போக ஆறே ஆறு இடம்.

ஆட்களை அவள் பொறுக்கிய விதத்தைக் குறை சொல்ல முடியாது. ஆறு சுத்தியலை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இரும்புக்கடை நடத்த முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அடி வாங்கி நிற்க இரும்பு உடம்போடு பள்ளித் தோழி. முந்திப் பாய மின்னலாக அவள் தம்பி. நீருக்கு அக்கா. காயம் ஆற்ற எங்கள் பல் மருத்துவர். நஞ்சுக்கு என் மாமியார். பெயர் வைத்தது பெற்ற மகள், நான் வாயே திறக்கவில்லை.

ஆறாவது இடத்தில் தையல்காரர்.

நான் இல்லை.

அந்த மனுஷன் அவள் ரவிக்கைக்குக் கொக்கி தைத்தால் காசு வாங்குவதில்லை. என் சட்டைப் பித்தானுக்கு மட்டும் வாங்குகிறார், அதுவும் சில்லறையாக. அவர் ஏதாவது சொன்னால் அவள் சிரிப்பு தெருவைத் தாண்டி இங்கே கேட்கும். அதே வேடிக்கையை நான் சொன்னால், “சரி, ஆணிப் பெட்டிய மூடுங்க” என்பாள்.

சங்கிலி கேட்டு ஒருவர் வந்தார். அளந்து வெட்டிக் கொடுக்க அவள் உள்ளே போனாள். கைபேசி கல்லாமேல் திறந்தே கிடந்தது.

அணியில் இடமில்லாத பிராணிகள் பெட்டிகளில் இருக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கடைசிப் பெட்டியில் ஒரே ஒரு பிராணி, முதுகில் புல் முளைத்த ஆமை. பெயர், ‘வீட்டுக்காரர்’.

அவள் முதன்முதலில் பிடித்த பிராணி அதுதான். பலம் அறுபத்தொன்று.

தையல்காரருக்கு ஐம்பத்திரண்டு.

எனக்குக் காது சுட்டது. அறுபத்தொன்றைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஐம்பத்திரண்டை எவளாவது அணியில் வைப்பாளா? உள்ளே சங்கிலி அறுபடும் சத்தம் நிற்பதற்குள் நரியை அந்தக் கடைசிப் பெட்டியில் போட்டேன். ஆமையை ஆறாவது இடத்தில் நிறுத்தினேன்.

அவள் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டைக் கதவைத் திறந்தாள்.

முதல் இரண்டு வீரர்களை ஆள் வரிசையைப் பார்க்காமலே முடித்தாள். மாமியாரின் நஞ்சே போதுமானதாக இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாவது ஆள் பனிக்கரடியை இறக்கினான். நெருப்பைத் தேடி அவள் வரிசையைத் திறந்தாள்.

ஆமையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவளாகவே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று இருக்கிறது. சண்டையில் விழுந்த பிராணியை மறுபடி எடுக்கமாட்டாள். காட்டில் விட்டுவிடுவாள், அவ்வளவுதான். போன மாதம் சித்தி விழுந்த அன்று, வந்தவர்களுக்கெல்லாம் மீதிச் சில்லறை கொடுக்க மறந்தாள்.

ஆமையைத் தவிர எல்லாரையும் மாற்றி மாற்றி இறக்கினாள். அக்காவுக்கு உயிர் ஒரு நூலில் நின்றது. தம்பி நொண்டினான்.

கரடி கர்ஜித்தது. அந்தக் கர்ஜனைக்கு ஒரு குணம்: முன்னால் நிற்பவரை விரட்டிவிட்டு, வரிசையிலிருந்து யாரையாவது தானாக இழுத்து நிறுத்தும்.

இழுத்தது என்னை.

பனிக்கு முன்னால் புல் எவ்வளவு நேரம் நிற்கும்? அறுபத்தொன்று ஒரே அடியில் போயிற்று.

மிச்சப் பேரை வைத்து அவள் ஜெயித்தாள். திரையில் பொன்மழை கொட்டியது. அதை முழுதாகப் பார்க்காமலே ஆமையைக் கடைசிப் பெட்டிக்குக் கொண்டுபோய், ‘விடுவி’ என்பதன்மேல் விரலை வைத்தாள்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல” என்றாள், திரையைப் பார்த்தே.

விரலை எடுத்தபோது ஆமை இல்லை.

அப்போதுதான் பெட்டியின் தலைப்பில் அவள் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். பலத்தைப் பார்த்த அவசரத்தில் முதலில் அதை விட்டுவிட்டேன். ‘இவரை இழக்க முடியாது.’

கோட்டைக்குப் போனவர்கள் ஆறு. திரும்பியவர்கள் ஐந்து. அந்தப் பெட்டியில் இருப்பு ஒன்று: எதிர்க்கடைத் தையல்காரர்.