எஜமான் வந்திருக்கேன்!

“யோவ் என்டியாய்! தின்னுட்டுப் படுத்துக் கிடந்தது போதும், எழுந்து வாய்யா! எஜமான் வந்திருக்கேன்!”

மோமார் டியோப் பந்தல் வாசலில் நின்று போட்ட கூச்சலில், அவன் பின்னால் வந்த நான்கு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளும் விக்கித்துப் போனார்கள்.

“பயப்படாதீங்க. நான் டியோப், இது என்டியாய் வீடு. வாசல்ல தையல்கடைப் பலகையில பேர் பார்த்தேன். எங்க ஊர்ல டியோப் குலத்தானும் என்டியாய் குலத்தானும் பார்த்துக்கிட்டா திட்டியே ஆகணும். அடிமைன்னு சொல்லலாம், சோத்து மூட்டைன்னு சொல்லலாம், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. பாட்டன் காலத்துலேர்ந்து வர்ற முறை” என்றான்.

டக்கார் நகரத்தைச் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. ‘கடலையும் கடைத்தெருவையும் எந்தப் பயலும் காட்டுவான், மனுஷங்களைக் காட்டுறவன் நான் ஒருத்தன்தான்’ என்று காலையிலிருந்து பீற்றிக்கொண்டு வந்தான். மெதினாப் பேட்டையில் தெருவை அடைத்துப் பந்தலும், வரிசையாக நாற்காலிகளும், அண்டா நிறைய மீன் சோறும் கண்ணில் பட்டதும் வேனை நிறுத்தச் சொல்லிவிட்டான்.

பந்தலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, மணிமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மெல்ல எழுந்தார்.

“யாரது, டியோப் அடிமையா? என்டியாய் படுத்திருந்தாலும் ராஜாடா! நீ நின்னாலும் எடுபிடிதான். சோத்து வாசனை பிடிச்சே வந்துட்டியா? உட்காரு, மீன் எங்களுக்கு, முள்ளு உனக்கு!”

வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி செல்போனில் படம் பிடித்தாள். மோமாருக்குத் தலைகால் புரியவில்லை.

“என்னக்கா விசேஷம்? கல்யாணமா, குழந்தைக்குப் பேர் வைக்கிறீங்களா?” என்று அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவளைக் கேட்டான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “சாவு வீடுய்யா இது. மையத்தை அடக்கிட்டு இப்பத்தான்யா வந்தாங்க.”

அப்போதுதான் வீட்டுக்குள் பெண்கள் விம்முவது அவன் காதில் விழுந்தது. இந்த ஊரில் கல்யாணத்துக்கும் இழவுக்கும் ஒரே பந்தல்தான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டாவது கத்தியிருக்கலாம். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவனுக்கு.

“இந்த அழுகையும் அந்த முறையில சேர்த்தியா?” என்று ஆர்வமாகக் கேட்டாள் படம் பிடித்தவள்.

“படம் வேண்டாம்மா. எல்லாரும் வேனுக்குப் போங்க” என்றான் மோமார். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அவர்கள் போனதும் பெரியவரின் காலடியில் போய் உட்கார்ந்தான்.

“என்னைச் செருப்பால அடிங்க ஐயா. நாலு பேர் முன்னால மினுக்கணும்னு இழவு வீட்டைக் கூத்தாக்கிட்டேன்.”

“டியோப் திட்டினா என்டியாய்க்குக் கோபமே வராது தம்பி. இழவு வீட்டுலயும் திட்டலாம். அழறவங்களைக் கொஞ்சம் சிரிக்க வைக்கத்தானே இந்த முறையெல்லாம்?”

“தெரிஞ்சு திட்டினாத்தானே ஐயா அது முறை? நான் வேடிக்கை காட்டத்தானே திட்டினேன்! நீங்க துக்கத்தை முழுங்கிக்கிட்டு எனக்குப் பதிலும் சொன்னீங்க. இந்த மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைப்பேன்? உங்களை மாதிரி ஒரு என்டியாயை நான் பார்த்ததே இல்ல.”

பெரியவர் அவன் தோளில் கை வைத்தார்.

“நான் என்டியாய் இல்லப்பா, சிஸ்ஸே குலம். நீ கூப்பிட்ட என்டியாய் என் மச்சான். அவனைத்தான் அடக்கிட்டு வந்திருக்கோம். எந்த டியோப்புக்கும் பதில் சொல்லாம விட்டவன் இல்ல அவன்... அதான், அவனுக்காக நான் சொன்னேன்.”