முதலிடம் வந்த ஊர்

எங்கள் தறிக்கு நூல் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நூல் மில்லும் பஞ்சில்லாமல்தான் ஓடுகிறதாம். ஆனால் தறி ஒரு நாளும் நிற்கவில்லை. எத்தனை யூனிட் கரண்ட் எரிந்தது என்று பார்த்துத்தான் இப்போது ஊரின் வளர்ச்சியை அளக்கிறார்கள். யூனிட் குறைந்தால் ஊருக்கு டாக்டர் கிடையாது, பஸ் கிடையாது. அதனால் நானும் தினம் எட்டு மணி நேரம் வெறும் தறியை ஓட்டுகிறேன்.

போன வாரம் எங்கள் ஊர் மாநிலத்திலேயே முதலிடம் வந்தது. எங்கள் முதலாளி நாச்சிமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தக் கலெக்டரம்மாவே வந்திருந்தார். எல்லாரும் மேடையேறிய பிறகு, பேரூராட்சி கிளார்க் கூட்டத்துக்குள் என்னைத் தேடி ஓடி வந்தார்.

"செங்கோடா, உன் துண்டைக் குடுப்பா. கடை கடையா ஏறி எறங்கிட்டேன். போர்த்தறதுக்கு ஊருக்குள்ள ஒரு முழம் துணி இல்ல."

"ஆறாயிரம் தறி ஓடுதுங்களே?"

"உன் குசும்பை அப்புறம் வெச்சுக்க."

என் தோளில் கிடந்ததை உருவிக்கொண்டு போனார். நடுவில் கிரீஸ் கறை, ஓரத்தில் கிழிசல். கலெக்டரம்மா அதை இரண்டு கையாலும் விரித்து முதலாளிக்குப் போர்த்தினார். எல்லாரும் கைதட்டினோம்.

விழா முடிந்ததும் துண்டைத் திருப்பிக் கேட்டேன். முதலாளி அதை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார். அவருடைய துண்டு போன மாசமே நைந்துபோய்விட்டதாம்.