கிண்ணத்தில் ஒரு கோடு

வல்வெட்டித்துறையில் மகளின் கலியாணப் பந்தலில், கப்பலோடிய அம்மப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் கிண்ணத்தில் யோகராணி கற்கண்டு நிரப்புகிறாள். வெயில் பட்டதும் கிண்ணத்தில் புடைத்திருக்கும் பூவும் முத்தும் மேசை விரிப்பெங்கும் வெளிச்சமாய்ச் சிந்துகின்றன. "வெடிச்ச கிண்ணத்திலையோ நல்ல காரியம்?" என்று மச்சாள் பத்மலோஜினி, பக்கவாட்டில் ஓடும் கோட்டைக் கண்டு அதை ஒற்றை விரலால் தள்ளுகிறாள். யோகராணி கிண்ணத்தைப் பிடித்துக்கொள்கிறாள். "வெடிப்பில்லை மச்சாள், தடவிப் பாருங்கோ. வெடிப்பெண்டால் நகம் உள்ளை விழும். இது மேலை நிக்குது. உருகின கண்ணாடியை இரும்பு அச்சுக்குள்ளை ஊத்தி, மேலாலை அமத்தி எடுத்தது. அச்சு பொருந்தின இடம்தான் உந்தக் கோடு." மச்சாள் தடவுகிறாள். திரும்பவும் தடவுகிறாள். "இவ்வளவு பூவும் ஒரே அமத்தலிலையோ?" "ஓம்." மேளம் கேட்கிறது, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மச்சாள் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு முந்துகிறாள். "தள்ளி நில்லும், நான்தான் குடுப்பன்."