பதினேழாம் நம்பர் பார்க்கிங்

உமேஷ் அந்த பேகம்பேட் அபார்ட்மென்டுக்கு செக்ரட்டரியாகி ஒரு வாரம்தான் ஆகிறது. பார்க்கிங்கில் தோண்டியிருந்த மழைநீர்க் குழியை மூடுவதுதான் அவனுடைய முதல் வீரச்செயல். சிமெண்ட் கலவையோடு வந்து பார்த்தால், குழிமேல் பலகை போட்டு, அதன்மேல் நாற்காலி போட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். ஞாயிறுதோறும் குடியிருப்பு முழுவதற்கும் தண்ணீர்ப் பாடம் நடத்துபவர்.

“எழுந்திருங்க ஆன்ட்டி.”

“நக்கோ தம்பி, முடியாது. போர்வெல் வத்திக் கிடக்கு. மழைத்தண்ணி இங்க இறங்காம உங்க தலையிலயா இறங்கும்?”

“இது பதினேழாம் நம்பர்காரர் காசு குடுத்து வாங்கின இடம். அவரோட புதுக் கார் ரோட்டுல வெயில்ல காயுது.”

“காயட்டும்.”

“ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாங்க? உங்க இடமா இருந்தா விட்டுக் குடுப்பீங்களா?”

அதற்குள் வாசலில் ஹாரன் அலறியது. ரோட்டில் நிற்கும் அந்தப் புதுக் காரை எடுத்தால்தான் தண்ணீர் டேங்கர் உள்ளே வர முடியும் என்று வாட்ச்மேன் ஓடி வந்து சொன்னான்.

ஆன்ட்டி கைப்பையைத் துழாவி, பதினேழு என்று எழுதிய வில்லை தொங்கும் கார் சாவியை எடுத்து உமேஷிடம் நீட்டினார்.

“நீங்களே தள்ளி நிறுத்திட்டு வாங்க தம்பி. நான் எழுந்தா குழியை மூடிடுவீங்க.”