மாஸ்டர் பக்கத்து பிரேக்

"நிறுத்துங்க! நிறுத்துங்க! யாரைக் கேட்டு இந்த ரோட்டுக்குள்ள வந்தீங்க?"

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், கற்றுத் தருபவருக்கென்று தன் பக்கத்தில் இருந்த பிரேக்கை மிதித்த மிதியில், 'எல்' போர்டு மாட்டிய அந்தச் சின்னக் கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அலறவிட்டு, முறைத்துக்கொண்டே விலகிப் போனார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே மாஸ்டர்," என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டீச்சர்.

"நான் சொல்லலையா? தண்ணித் தொட்டிகிட்ட இடது பக்கம் திரும்புங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே! தண்ணித் தொட்டி எங்க, இந்தத் தபாலாபீஸ் எங்க? உங்க வகுப்புல ஒரு வாண்டு இப்படிப் பேச்சைக் கேட்காம இருந்தா சும்மா விடுவீங்களா?"

மழலையர் வகுப்பு எடுக்கும் அந்த டீச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்குக் காலையில் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். பஸ்ஸே போகாத இடத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்துவிட்டது, லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான் என்று சேர்ந்த அன்றே கண் கலங்கினாள். பாவம் பார்த்துச் சேர்த்துக்கொண்டது தப்பாகப் போயிற்று. நேற்று வரை ஒழுங்காகத்தான் ஓட்டினாள். இன்று என்ன வந்ததோ, வாய்க்கு வாய் 'மாஸ்டர், மாஸ்டர்' என்று தோளைத் தட்டிக் கூப்பிடுகிறாள், சொன்னதை மட்டும் செய்ய மாட்டேன் என்கிறாள். இவளை டெஸ்டுக்கு அழைத்துப் போனால் தன் மானம்தான் கப்பலேறும்.

நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லாம் இவளிடம் கத்திக் கத்தித்தான். பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். நல்லவேளை, நேற்றெல்லாம் படுத்தி எடுத்த தும்மல் மட்டும் இன்று வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

"சரி, எடுங்க. நேராப் போங்க. பாலம் ஏறும்போது கியரை மாத்தணும். நான் சொல்றப்ப மாத்தினா போதும்."

கார் நகர்ந்தது. அவ்வளவுதான். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தால், எதிரே விளையாட்டு மைதானத்தின் சுவர்.

"பாலம் எங்க?"

"தாண்டியாச்சு மாஸ்டர்."

"அதுக்குள்ளயா? என்ன வேகத்துல விரட்டினீங்க?"

"முப்பதைத் தாண்டல."

"பொய் வேறயா! பாலம், மார்க்கெட், சிக்னல் எல்லாம் முப்பதுல ஓட்டினா இப்படிக் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுமா?"

சாலை கலங்கலாகத் தெரிந்தது. மூக்கைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் காணோம். சீட்டுக்கு அடியில் துழாவினார், சட்டைப் பையைத் தடவினார். "நீங்க ஓட்டின ஓட்டத்துல என் கண்ணாடிகூட எங்கயோ எகிறி விழுந்துடுச்சு!"

டீச்சர் இண்டிகேட்டரைப் போட்டாள். ஓரமாக நின்றிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவே காரை அலுங்காமல் நுழைத்து நிறுத்தினாள். சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் கையை நீட்டினார். "இறங்கி இந்தப் பக்கம் வாங்க. இனிமே நான் ஓட்டிக்கறேன். டெஸ்டாவது கத்திரிக்காயாவது! சாவியைக் குடுங்க."

"தரமாட்டேன் மாஸ்டர்."

இத்தனை வருஷத் தொழிலில் அவரிடம் எவரும் இப்படிப் பேசியதில்லை.

"தும்மலுக்கு மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டாள் டீச்சர்.

"போட்டேன். அதுக்கென்ன இப்போ? மருந்துக்கடைக்காரரும் இதே பாட்டைத்தான் பாடினார். தூக்கம் வரும், படுக்கப் போறப்ப ஒண்ணு போடுங்க, போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்கன்னு. காலையில ஒண்ணு போட்டேன், கேட்கல. இன்னொண்ணும் போட்டேன். நான் எங்கேம்மா வண்டி ஓட்டறேன்? ஓட்டறது நீங்க! நான் பக்கத்துல சும்மா உக்கார்ந்துதானே வரேன்? எனக்கெல்லாம் அது ஒண்ணும் பண்ணாது."

டீச்சர் டாஷ்போர்டைத் திறந்தாள். தன் கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"தலை தொங்கித் தொங்கி விழுந்துச்சு, உடைஞ்சிடப் போகுதேன்னு சிக்னல்ல நின்னப்ப நான்தான் கழட்டி வெச்சேன். தட்டி எழுப்பறப்பல்லாம் 'நேராப் போங்க'ன்னு சொல்லிட்டுக் குறட்டை விட்டீங்க. உங்க பக்கத்து பிரேக்குக்கு ஆள் இல்லன்னு தெரிஞ்சுதான் மாஸ்டர், அவ்வளவு பெரிய பாலத்தை முப்பதுலயே தனியா ஓட்டித் தாண்டினேன்!"